மாதம் 4,500 ரூபாய் மாத்திரைக்கே போகிறதென்றால் எங்கே கை வைப்பது?

கேட்டிருந்த கேள்வி சுருக்கமாக இது: அப்பாவுக்கு சுகர், பிரஷர், போன வருஷம் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வேறு வைத்தாகிவிட்டது. மாத்திரைக்கு மட்டும் மாதம் 4,500 ரூபாய். இன்சூரன்ஸ் பிரீமியம் வருஷா வருஷம் ஏறுகிறது. நடுத்தரக் குடும்பம் தானாகச் செய்துகொள்ள ஏதாவது வழி உண்டா, இல்லை அரசாங்கம் ஏதாவது செய்தால்தான் உண்டா?

நான் திருச்சியில் மருந்து மொத்த வியாபாரத்தில் ரொம்ப காலம் இருந்தவன். டாக்டர் இல்லை. எந்த மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, ஆனால் அந்த மாத்திரை உங்கள் கைக்கு வருவதற்குள் அதன் மேல் யார் யார் எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்று சொல்ல முடியும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மருத்துவச் செலவு என்றதும் எல்லோருக்கும் ஆபரேஷன், ஐ.சி.யூ., பல லட்ச ரூபாய் பில் இவைதான் கண்ணில் தெரியும். அதற்குப் பயந்துதான் இன்சூரன்ஸ் எடுக்கிறோம். ஆனால் சுகரும் பிரஷரும் இருக்கிற வீட்டில் பணம் ஒழுகுவது படுக்கையில் சேர்ந்தபோது மட்டுமில்லை, மாதாமாதம் மருந்துக்கடை கவுன்ட்டரில். உங்கள் கணக்கையே எடுங்கள், 4,500 என்றால் வருஷத்துக்கு 54,000. இதில் ஒரு ரூபாயைக்கூட சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி தராது, ஏனென்றால் அது பெட்டில் சேர்ந்தால் மட்டும், அதற்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்கு மட்டும். நாட்டு அளவிலும் இதே கதைதான். தேசிய சுகாதாரக் கணக்கின்படி மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4க்கு இறங்கியிருக்கிறது. நல்ல இறக்கம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நூறு ரூபாய் செலவில் கிட்டத்தட்ட நாற்பது இன்னும் நம் சட்டைப்பையிலிருந்து போகிறது.

சரி, மாத்திரை விலை எப்படி உருவாகிறது?

அத்தியாவசிய மருந்துப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, 2022 பட்டியலில் 384 மருந்துகள். இவற்றுக்கு உச்சவரம்பு விலையை என்.பி.பி.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பு நிர்ணயிக்கும். 1995 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு அதன்மேல் ஒரு லாபம் வைத்து விலை குறித்தார்கள். 2013இல் அதை மாற்றி, சந்தையில் ஒரு சதவீதத்துக்கு மேல் விற்கிற எல்லா பிராண்டுகளின் விலையையும் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரர் கமிஷன் 16 சதவீதம் சேர்த்தால் அதுதான் உச்சவரம்பு என்று ஆக்கிவிட்டார்கள். அதாவது ஏற்கெனவே ஏற்றி விற்றவர்களின் விலையும் சேர்ந்துதான் உச்சவரம்பு ஆகிறது. அதற்கும் மேல் மொத்த விலைக் குறியீடு ஏறினால் வருஷத்துக்கு ஒருமுறை இதையும் ஏற்றிக்கொள்ளலாம், 2023 ஏப்ரலில் ஒரே அடியாக 12.12 சதவீதம் ஏறியது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு அந்தக் கவலையும் இல்லை, வருஷத்துக்கு 10 சதவீதம் வரை கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஏற்றலாம். இன்னொரு நெளிவும் உண்டு: பட்டியலில் இருக்கிற மருந்தோடு வேறொன்றைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கிவிட்டால் அந்த உச்சவரம்பு அதற்குப் பொருந்தாது. சுகர் மாத்திரைகளில் இரண்டும் மூன்றும் சேர்ந்த காம்பினேஷன் ஏன் இவ்வளவு குவிந்து கிடக்கிறது என்று யோசித்தால் மருத்துவக் காரணம் பாதிதான் தேறும்.

அப்புறம் ஜெனரிக். இதில் பெரிய குழப்பம் இருக்கிறது, கடைக்குள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரே கம்பெனி ஒரே மருந்தை இரண்டு வழியில் விற்கும். ஒன்று, ரெப் (கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி) டாக்டரிடம் போய் உட்கார்ந்து பேசி எழுதவைக்கிற பிராண்டு. மற்றது ரெப்பே இல்லாமல் நேராக ஸ்டாக்கிஸ்ட்டுக்கு, அதாவது மொத்த வியாபாரிக்கு, வருகிற சரக்கு, அதைத்தான் கடையில் ‘ஜெனரிக்’ என்பார்கள். இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் ஒன்று, மில்லிகிராம் ஒன்று, அச்சிட்ட எம்.ஆர்.பி.கூடப் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். வித்தியாசம் கடைக்காரரின் கொள்முதல் விலையில். பிராண்டில் அவருக்குச் சுமார் 20 சதவீதம் கிடைக்கும், ஸ்டாக்கிஸ்ட்டுக்கு 10. ஜெனரிக் சரக்கிலோ எம்.ஆர்.பி. 100 என்று போட்டிருந்தால் அவருக்கு விழும் விலை 20, 25 என்று இருப்பது சர்வ சாதாரணம். ரெப்புக்கும் விளம்பரத்துக்கும் போகவேண்டிய பணம் அப்படியே கடைக்காரருக்குப் போகிறது, உங்களுக்கு வருவதில்லை. தெருமுனைக் கடையில் 20 சதவீதம் தள்ளுபடி என்று பெரிய போர்டு வைக்க முடிகிறதே, அதற்குப் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. ஆக, ஜெனரிக் வாங்கினால் மலிவு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லக்கூடாது, அச்சிட்ட விலையே குறைவாக இருக்கிற இடத்தில் வாங்கினால்தான் மலிவு. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008 முதல் இருக்கிறது, தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். இவற்றில் பெரும்பாலும் பிராண்டு இருக்காது, மருந்துப் பெயர் மட்டும் இருக்கும், விலை அட்டையிலேயே குறைவாக இருக்கும். குறை என்னவென்றால் சீட்டில் உள்ள ஐந்தில் மூன்றுதான் ஒரே கடையில் கிடைக்கும். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

தரம் எப்படி என்று அடுத்து கேட்பீர்கள், கேட்கவேண்டிய கேள்விதான். மருந்துத் தரக் கட்டுப்பாடு நம் நாட்டில் சீராக இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஓட்டை ஜெனரிக்குக்கு மட்டும் உரியதில்லை. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்களே, அது பிராண்டுப் பெயரோடு, டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்து விற்ற மருந்து. பிரஷர், கொலஸ்ட்ரால், சாதாரண சுகர் மாத்திரைகளில் மாற்றிப் பார்க்கலாம், மாற்றிய பிறகு ஓரிரு மாதத்தில் பிரஷரையும் சுகரையும் அளந்துவிடுங்கள், கட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் போன்றவற்றில் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் அட்டையை மாற்றாதீர்கள், அவற்றில் அளவு கொஞ்சம் கூடக் குறைய ஆனாலும் உடம்பில் தெரியும். ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை கொடுத்திருப்பார்கள், விலை அதிகம் என்று அதில் எதையும் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மலிவான அட்டைக்கு மாறுவது வேறு, நிறுத்துவது வேறு.

பேட்டன்ட், அதாவது ஒரு கம்பெனி மட்டுமே அந்த மருந்தை விற்கலாம் என்ற உரிமை, முடிகிற தேதியையும் கவனிக்கவேண்டும், பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் பார்ப்பதில்லை. எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை, இதய நோய் இருக்கிற சுகர்க்காரர்களுக்கு நிறைய எழுதுவார்கள், ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய்க்கு விற்றது. 2025 மார்ச்சில் அதன் பேட்டன்ட் முடிந்தது, முடிந்த கையோடு இந்தியக் கம்பெனிகள் வரிசையாக இறங்க, ஒரு மாத்திரை ஐந்தரை ரூபாய்க்குக்கூட வந்துவிட்டது. மாதக் கணக்கில் 1,800 ரூபாய் 200க்குள் வந்துவிடும். சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சுகர் மாத்திரைக்கு 2022இல் இதேதான் நடந்தது. ஆனால் பழைய பிராண்டையே சீட்டில் எழுதிக்கொண்டிருந்தால் இந்த இறக்கம் உங்கள் வீட்டுக்கு வரவே வராது. கடைக்காரர் பார்த்து மாற்றித் தரலாமே என்றால், சட்டப்படி அவர் தரக்கூடாது, சீட்டில் எழுதிய பிராண்டுக்குப் பதில் வேறு பிராண்டைத் தானாகக் கொடுக்க மருந்து விதிகள் இடம் தரவில்லை. அதனால் அடுத்த முறை போகும்போது அப்பாவின் சீட்டைக் காட்டி, “டாக்டர், இதிலே பேட்டன்ட் முடிஞ்சது எதாவது இருக்கா? மருந்துப் பேரையும் சேர்த்து எழுதிக் கொடுங்க, விலை குறைஞ்ச இடத்துல வாங்கிக்கிறோம்” என்று கேளுங்கள். கோபித்துக்கொள்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள்தான், பெரும்பாலோர் எழுதித் தருவார்கள். அப்படியே சீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையும் இன்னும் தேவையா என்றும் கேட்டுவிடுங்கள். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதிய ஒரே வகை வாயு மாத்திரை இரண்டு பிராண்டுப் பெயரில் ஒரே சீட்டில் ஓடிக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இனி, பலர் முகம் சுளிக்கிற இடத்துக்கு வருகிறேன். அரசு ஆஸ்பத்திரி. சுகர், பிரஷர் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஜி.ஹெச்.சிலும் இலவசம், வருமானச் சான்று எதுவும் கேட்கமாட்டார்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துகொண்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நடுத்தரக் குடும்பம் அங்கே போகாததற்கு முக்கிய காரணம் கூட்டமும் கௌரவமும், மருந்தின் தரம் என்பது பிறகு சேர்த்துக்கொண்ட காரணம் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அந்த மருந்து வருகிற வழியைப் பார்த்தவன் நான்.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை அரசு தனிக் கம்பெனியாகவே பதிவு செய்தது, அடுத்த ஆண்டு முதல் வேலை தொடங்கியது. அதுவரை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு விதமாக வாங்கி, ஒரு இடத்தில் மருந்து காலாவதியாகிக் குப்பைக்குப் போக, இன்னொரு இடத்தில் கையிருப்பே இல்லாமல் இருந்த நிலை. கழகம் செய்தது மந்திரமில்லை. பட்டியலைச் சுருக்கியது, பிராண்டுப் பெயரை எடுத்துவிட்டு மருந்துப் பெயரில் டெண்டர் விட்டது, மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்கியது. மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு தொகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பாஸ்புக் கொடுத்தது. கிடங்குக்கு வருகிற ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி சரக்கு என்று தெரியாதபடி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தனியார் கடையில் நீங்கள் வாங்குகிற அட்டைக்கு இப்படி வாங்குபவர் தரப்பில் ஒரு சோதனை கிடையாது. ரெப் செலவு, ஸ்டாக்கிஸ்ட், இலவச சாம்பிள் எதுவும் இல்லாததால் விலை சந்தையின் எம்.ஆர்.பி.யில் ஒரு சின்னப் பங்குதான். பிறகு கேரளம் இதே மாதிரி ஒரு கழகம் வைத்தது, ராஜஸ்தான் 2011இல் இந்த முறையை வைத்துத்தான் இலவச மருந்துத் திட்டமே ஆரம்பித்தது. சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களையும் இந்தக் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளில் நடத்துகிறது, சி.டி. 500, எம்.ஆர்.ஐ. 2,500 என்ற அளவில். வெளியே எவ்வளவு என்று ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

விலை குறைவதற்கு வலுவான காரணம் வாங்குகிறவன் பெரியவனாக இருப்பதுதான். தனி ஆள் கவுன்ட்டரில் நின்று பேரம் பேச முடியாது, ஏழு கோடிப் பேருக்காக ஒரே இடத்தில் வாங்கினால் பேசலாம். இல்லாவிட்டால் சட்டத்தால் அடக்கவேண்டும். ஸ்டென்டில் அதுதான் நடந்தது. 2017 பிப்ரவரிக்கு முன் மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரி எம்.ஆர்.பி. 1.21 லட்சம், என்.பி.பி.ஏ. அதை 29,600 ஆக அடக்கியது (குறியீட்டின்படி பிறகு ஏறியிருக்கிறது). அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் உச்சவரம்பு வந்தது. அதற்காக மொத்த பில்லும் அதே வேகத்தில் குறையவில்லை என்பதை யாரும் மறைக்க வேண்டியதில்லை, ஒரு இடத்தில் அமுக்கினால் ஆபரேஷன் தியேட்டர் (ஓ.டி.) கட்டணம், பேக்கேஜ் என்று இன்னொரு இடத்தில் வீங்கும். 2018இல் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை என்.பி.பி.ஏ. எடுத்துப் பார்த்தபோது சில பொருட்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தது தெரிந்தது. இதில் எம்.ஆர்.பி.யை யாரும் மீறவில்லை. ஆஸ்பத்திரி மொத்தமாக வாங்குவதால் கம்பெனி அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறது, அட்டையில் மட்டும் பெரிய எம்.ஆர்.பி. அச்சாகிறது, நோயாளி அதைக் கட்டுகிறார். ஊசி, சிரிஞ்ச், கையுறை, டிரிப்ஸ் செட் இவற்றில்தான் இது அதிகம். வெளியிலிருந்து வாங்கிவரக்கூடாது என்று சொல்கிற ஆஸ்பத்திரிகள் பற்றி உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போய், 2025 மார்ச்சில் மாநிலங்கள்தான் கொள்கை வகுக்கவேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. தமிழ்நாடு இதில் கண்டிப்பாக ஒன்று செய்யலாம், செய்யவேண்டும்.

இன்சூரன்ஸை விடச் சொல்கிறேனா என்றால் இல்லவே இல்லை, வைத்திருங்கள். ஆனால் பாலிசியில் அறை வாடகை வரம்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 5 லட்சம் பாலிசியில் ஒரு சதவீதம் வரம்பு என்றால் ஒரு நாள் அறைக்கு 5,000. தெரியாமல் 10,000 ரூபாய் அறை எடுத்தால், அதிகப்படி வாடகையை மட்டும் பிடித்துக்கொண்டு விடுவார்கள் என்று நினைக்கிறோம். அப்படியில்லை, அறையைப் பொறுத்து மாறுகிற ஆஸ்பத்திரியில் சர்ஜன் பீஸ், ஓ.டி. கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாகும், அந்த வகையில் 1.2 லட்சம் பில் என்றால் 60,000 உங்கள் தலையில். மருந்துக்கும் ஸ்டென்ட் போன்ற பொருட்களுக்கும் பரிசோதனைக்கும் இப்படி வெட்டக்கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைப்பின் விதி இருக்கிறது, வெட்டியிருந்தால் எழுத்தில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம், சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஒரு வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் கம்பெனி முன்கூட்டியே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் போகவேண்டும் என்று 2025 ஜனவரியில் ஆணை வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போய்விட்டது. உங்கள் ரினியூவல் நோட்டீஸில் இரண்டும் தெரிகிறதா என்று சரிபாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் நல்ல திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், ஆனால் வருமான வரம்பு 1.2 லட்சம் என்பதால் உங்களைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்கள் வெளியே நிற்கின்றன.

அரசாங்கம் செய்யவேண்டியது எது என்றும் கேட்டிருந்தீர்கள். இன்னொரு இன்சூரன்ஸ் கார்டு வேண்டாம் என்பேன். ஆஸ்பத்திரி பில்லின் விலையை அடக்காமல் கார்டை மட்டும் கொடுத்தால் அந்தப் பணம் அதே பில்லுக்குள் போய்விழும். தேசிய சுகாதாரக் கொள்கை 2025க்குள் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசு மருத்துவத்துக்குச் செலவழிக்கும் என்று 2017இல் எழுதிவைத்தது, 2021-22இல் அது 1.84தான். அந்த இடைவெளிப் பணம் சாதாரண ஓ.பி. மருந்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வரவேண்டும். கழகம் சோதித்து வாங்குகிற மருந்தை, தனியார் டாக்டர் சீட்டோடு வருகிறவருக்கும் அடக்க விலையோடு கொஞ்சம் சேர்த்து விற்கலாம், கிடங்கும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். உச்சவரம்பைப் பழையபடி தயாரிப்புச் செலவிலிருந்து கணக்கிட்டால் பாதிப் பித்தலாட்டம் அடங்கும், கம்பெனிகள் கடுமையாக எதிர்ப்பார்கள் என்பதும் தெரிந்ததுதான். டாக்டர்கள் மருந்துப் பெயரில்தான் எழுதவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. தரம் உறுதியாகாமல் அந்த விதியைக் கொண்டுவந்தால் தேர்வு டாக்டர் கையிலிருந்து கடைக்காரர் கைக்கு மாறும், கடைக்காரர் எதில் கமிஷன் அதிகமோ அதைத்தான் எடுத்துத் தருவார் என்று டாக்டர்கள் சொன்ன வாதத்தில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன 100 ரூபாய் அட்டை, 20 ரூபாய் கொள்முதல் கணக்கைப் பார்த்தவர்கள் அதை மறுக்க முடியாது. முதலில் கடைக்காரரின் கமிஷனுக்கு ஒரு வரம்பு. 2019இல் பட்டியலில் இல்லாத 42 புற்றுநோய் மருந்துகளுக்கு ஸ்டாக்கிஸ்ட், கடைக்காரர் எல்லோருக்கும் சேர்த்துக் கமிஷன் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அரசு ஒரு உத்தரவு போட்டதே, அதையே எல்லா மருந்துக்கும் நீட்டினால் போதும், அதன் பிறகு சீட்டில் மருந்துப் பெயர் என்ற விதியைத் தைரியமாகக் கொண்டுவரலாம்.